பாடாமல் விட்ட வரி

ஜெராக்ஸில் ஒரு வரி விட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். எங்கள் பாடகர் குழு ஒரு நிகழ்ச்சிக்காக ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் ஜி மேஜர் மாஸை, அதாவது திருப்பலிக்கான இசையை, பழகிக்கொண்டிருந்த சமயம். பொருள் தெரியாமல் லத்தீன் பாடக்கூடாது என்று ஆண்களின் மேல்குரலான டெனர் வரிசையில் இருந்த கல்லூரி மாணவன் ஒருவன், விசுவாசப் பிரமாணத்தின் முழு வாசகத்தையும் எழுதிக்கொண்டு வந்திருந்தான். நோட்டில் இருப்பதோடு வரிவரியாக ஒப்பிட்டுக்கொண்டே போனவன் கடைசிப் பகுதியில் நின்றான். "அண்ணா, இதுல ஒரு வரி காணோம்."

பக்க எண்களைச் சரிபார்த்தோம். எதுவும் குறையவில்லை. ஆர்கன் வாசிப்பவரிடம் இருந்த அச்சுப் புத்தகத்தைப் பார்த்தோம். அதிலும் அந்த வரி இல்லை.

"எத் உனாம் சாங்க்தாம் கத்தோலிக்காம் எத் அப்போஸ்தோலிக்காம் எக்லேசியாம்" என்பது அந்த வரி. ஒரே, பரிசுத்த, பொதுவான, அப்போஸ்தல சபையை விசுவாசிக்கிறேன் என்று பொருள். கத்தோலிக்கத் திருப்பலிக்கென்றே எழுதப்பட்ட இசையில், திருச்சபையை நம்புகிறேன் என்ற வரியைக் காணோம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. கோயில் இசை எதை எடுத்தாலும், எந்தச் சொல் இல்லை என்று முதலில் தேடுவேன். ஒருவருடைய நம்பிக்கையை அவர் சொன்னதிலிருந்து அறிவதைவிட, அவர் வாய் எந்த இடத்தில் மூடிக்கொண்டது என்பதிலிருந்து அதிகம் அறியலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாஸ் என்பது திருப்பலியில் பாடப்படும் ஐந்து பகுதிகளின் தொகுப்பு: கீரியே, குளோரியா, கிரேடோ, சாங்க்துஸ், ஆக்னுஸ் தேயி. இவற்றின் வாசகம் பல நூற்றாண்டுகளாக மாறாதது. இசையமைப்பாளருக்கு மெட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் சுதந்திரம் உண்டு, சொல்லில் கிடையாது. ஒரே பாசுரத்தை ஆளுக்கொரு ராகத்தில் பாடலாம், ஆனால் நடுவில் ஒரு அடியை விழுங்கிவிட்டால் கேட்பவர் நிமிர்ந்து பார்ப்பார் அல்லவா? கிரேடோவும் அப்படித்தான். 'கிரேடோ' என்றால் 'விசுவாசிக்கிறேன்'. 325இல் நீசேயாவிலும் 381இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய சங்கங்களின் விவாதங்களிலிருந்து பிறந்த அறிக்கை அது. அதில் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு சண்டை இருக்கிறது.

ஷூபர்ட் இந்த மாஸை எழுதியது 1815 மார்ச்சில், 18 வயதில், ஒரு வாரத்துக்கும் குறைவான நாட்களில். 1814க்கும் தன் கடைசி ஆண்டான 1828க்கும் நடுவே ஆறு லத்தீன் மாஸ்கள் எழுதினார். ஆறிலும் இந்த வரி இல்லை. ஒருமுறை என்றால் கை தவறியது எனலாம். ஆறு முறை?

அவருடைய நண்பர் வால்ஹர் 1827இல் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. 'கிரேடோ இன் உனும் தேயும்' என்று குருவானவர் ராகமாக எடுத்துக்கொடுக்கும் முதல் வரியை இசைக்குறியோடு எழுதி, நீ நம்புவதில்லை, எனக்குத் தெரியும் என்ற பொருளில் தொடங்குகிறார். நண்பர்களுக்குள் தெரிந்த விஷயமாகவே இருந்திருக்கிறது. ஆனால் ஷூபர்ட் 1825இல் பெற்றோருக்கு எழுதியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மாதாவை நோக்கிய அவரது பாடலில் இருக்கும் பக்தியைக் கேட்டவர்கள் வியந்ததைக் குறிப்பிட்டு, நான் பக்தியை வலிந்து வரவழைப்பதில்லை, அது தானாக என்னை ஆட்கொண்டாலொழிய இப்படிப்பட்ட பாடல்களை எழுதுவதில்லை, அப்படி வரும்போது அது உண்மையான பக்தியாகவே இருக்கிறது என்கிறார்.

இங்கே அவசரப்பட்டு அவரைக் கலகக்காரராக்கிவிடக் கூடாது. அந்தக் கால ஆஸ்திரியாவில் கிரேடோவின் சொற்களைக் கொஞ்சம் தாராளமாகவே கையாண்டார்கள். மூத்த இசையமைப்பாளரான ஹைடன் சில மாஸ்களில் ஓரிரு வரிகளை விட்டிருக்கிறார். நேரம் போதாத சிறிய மாஸ்களில் நான்கு குரல்களுக்கும் நான்கு வெவ்வேறு வரிகளைக் கொடுத்து ஒரே சமயத்தில் பாடவைத்ததும் உண்டு. அவரது சிறு ஆர்கன் மாஸ் ஒன்றில் நீளமான குளோரியா முழுவதும் 31 தாளக்கட்டுகளில் முடிந்துவிடும். சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லப்பட்டாயிற்று, காதில் விழுந்ததா என்பது வேறு விஷயம். தவிர, ஷூபர்ட்டின் சில மாஸ்களில் 'மரித்தோரின் உயிர்த்தெழுதலை எதிர்நோக்குகிறேன்' என்ற இடத்தில் 'உயிர்த்தெழுதலை எதிர்நோக்குகிறேன்' போய், 'மரித்தோரின்' மட்டும் தொங்கிக்கொண்டு நிற்கிறது. கொள்கைக்காக ஒரு வரியை நீக்குகிறவர் இலக்கணத்தை இப்படி அந்தரத்தில் விடமாட்டார். ஞாபகத்திலிருந்து எழுதினாரோ, குறைபட்ட பிரதியைப் பார்த்து எழுதினாரோ என்று கேட்கவும் இடமிருக்கிறது.

என் கணிப்பைச் சொல்கிறேன். மற்ற வரிகளில் மறதிக்கும் வழக்கத்துக்கும் பங்கு இருக்கலாம். சபையைப் பற்றிய வரி மட்டும் பதினான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. எதிர்த்து நீக்கினார் என்பதைவிட, அந்த வரி அவருக்குப் பாட்டாக வரவில்லை என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. தானாக வந்தாலொழிய எழுதுவதில்லை என்று அவரே சொல்கிறார். சிலுவையைப் பற்றிய வரிகள் அவருக்கு வந்தன. அந்த இடத்தை எங்கள் குழு பாடும்போது ஆண்களின் அடிக்குரலான பாஸ் வரிசையில் இருக்கும் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது. சபை வரவில்லை.

1903இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் வெளியிட்ட இசை ஆணை, வழிபாட்டு வாசகத்தைக் குறைக்காமல், மாற்றாமல், முழுமையாகப் பாட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது. அதே ஆணை கோயில் பாடகர் குழுவில் பெண்களுக்கு இடமில்லை என்றும் சொன்னது. சோப்ரானோ, ஆல்ட்டோ என்ற மேல்குரல்களைப் பாடச் சிறுவர்கள் போதுமாம். எங்கள் குழுவில் பாதிக்கு மேல் பெண்கள். பிராக்டிஸுக்கு முதலில் வந்து நாற்காலி போடுவதும் அவர்கள்தான். சொற்களைக் காக்கப் புறப்பட்ட சட்டம் பாடுகிறவர்களை வெளியே நிறுத்தியது என்பதை எண்ணினால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

ஷூபர்ட்டுக்கு வராத அதே வரிக்காக, இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஒருவர் தன் வாழ்க்கையையே பணயம் வைத்திருந்தார். வில்லியம் பேர்ட், எலிசபெத் அரசியின் அரண்மனைத் தேவாலயப் பாடகர். அரசி புராட்டஸ்டன்ட், பேர்ட் கத்தோலிக்கர். நாட்டில் திருப்பலி நிறைவேற்றுவது குற்றம். 1585இன் சட்டப்படி கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் தூக்கு. அந்த நாட்களில், 1592க்கும் 1595க்கும் இடையில், பேர்ட் மூன்று மாஸ்களை எழுதி அச்சிட்டார். மூன்று குரலுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று. தலைப்புப் பக்கம் கிடையாது, அச்சிட்டவர் பெயர் கிடையாது. பிரபுக்களின் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு சில பேர் சுற்றி நின்று பாடுவதற்கான இசை அது. எசெக்ஸில் பீட்டர் குடும்பத்தின் மாளிகை அப்படி ஓர் இடம்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அதற்கு முந்தைய ஆங்கிலேய இசையமைப்பாளர்கள், டாவர்னர் போன்றவர்கள், கிரேடோவின் பிற்பகுதியில் வரிகளை விடுவதை வழக்கமாகவே வைத்திருந்தார்கள். எல்லாரும் கத்தோலிக்கராக இருந்த காலத்தில் அந்த வரியைப் பாடாவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பேர்ட் அவ்வளவையும் திரும்பக் கொண்டுவந்தார். 'கத்தோலிக்காம்' என்ற சொல்லுக்கு நான்கு குரல் மாஸில் அவர் கொடுத்திருக்கும் அழுத்தத்தை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். தடைசெய்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கு உயிர் வந்தது.

ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸிடம் வருகிறேன். இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

1865 பிப்ரவரியில் தாய் மோசமான நிலையில் இருக்கிறார் என்று செய்தி வந்து வியன்னாவிலிருந்து ஹாம்பர்க்குக்கு ஓடினார் பிராம்ஸ். போய்ச் சேர்வதற்குள் தாய் இறந்துவிட்டார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய ஆதர்சமான இசையமைப்பாளர் ஷூமன் மனநல விடுதியில் இறந்திருந்தார். இந்த இரண்டு சாவுகளின் நிழலில்தான் 'ஜெர்மன் ரெக்வியம்' உருவானது. ரெக்வியம் என்பது இறந்தோருக்கான திருப்பலி. அதன் லத்தீன் வாசகம் முழுக்க இறந்தவருக்காக வேண்டுவது: இவர்களுக்கு நித்திய இளைப்பாறுதலைத் தாரும், தண்டனையிலிருந்து விடுவியும். பிராம்ஸ் அந்த வாசகத்தைத் தொடவே இல்லை. சிறுவயதிலிருந்து படித்த லூத்தரின் ஜெர்மன் வேதாகமத்திலிருந்து தானே வசனங்களைத் தேர்ந்தெடுத்துக் கோத்தார். 'ஜெர்மன்' என்ற பெயர் அந்த மொழியைக் குறிப்பது.

முதல் வசனமே எல்லாவற்றையும் திருப்பிப் போடுகிறது. "துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் ஆறுதலடைவார்கள்." இறந்தவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெட்டியைச் சுற்றி நிற்பவர்களைப் பார்த்துப் பேசுகிறது. அந்தப் பகுதியில் வயலின்களுக்கு வேலையே கிடையாது. வயோலாவும் செல்லோவும் அடியிலிருந்து எழும்புகின்றன. சாவு வீட்டில் யாரும் உச்சக் குரலில் பேசமாட்டார்கள் அல்லவா, அந்த ஒலி. இரண்டாம் பகுதியில் "மாம்சமெல்லாம் புல்லைப்போலவும்" என்று ஊர்வலம்போல மெல்ல நடந்து வரும். ஐந்தாம் பகுதியில் சோப்ரானோ தனியாக மேலே பாட, குழு அடியில் ஏசாயாவின் வசனத்தைச் சொல்லும்: "ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்." தாயின் சாவுக்குப் போய்ச் சேர முடியாமல் போன மகன் எழுதியது இது. வேறு எந்த விளக்கமும் எனக்குத் தேவைப்படவில்லை.

இத்தனை வேத வசனங்கள் இருந்தும், ஏழு பகுதிகளில் ஓரிடத்தில்கூட இயேசு கிறிஸ்து என்ற பெயர் வரவில்லை. 'கர்த்தர்' வருகிறார். மலைப்பிரசங்கத்தின் சொற்கள் வருகின்றன. சிலுவை மரணமும் அதனால் வரும் மீட்பும் வரவில்லை. பிரேமன் பேராலயத்தின் இசைப் பொறுப்பாளர் ரைன்டாலர் 1867இல் இதைப் பக்குவமாகவே சுட்டிக்காட்டி எழுதினார்: எல்லாம் சுழலவேண்டிய மையப்புள்ளி, ஆண்டவரின் மீட்பின் மரணம், இதில் இல்லையே. பிராம்ஸ் பதில் எழுதினார். 'ஜெர்மன்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மனிதர்' என்று வைக்கக்கூடச் சம்மதம் என்றார். யோவான் 3:16 போன்ற இடங்களை முழு அறிவோடும் விருப்பத்தோடும்தான் தவிர்த்தேன் என்றார். ஞாயிறுபள்ளியில் எங்களுக்கு முதன்முதலாக மனப்பாடம் செய்துவைத்த வசனம் அது. எங்கள் ஊர்களில் ஆட்டோவின் முதுகில்கூட எழுதியிருக்கும். ஊரே முதலில் சொல்லும் வசனத்தைத் தெரிந்தே விட்டேன் என்கிறார் அந்த மனிதர்.

அதே கடிதத்தின் அடுத்த வாக்கியம்தான் எனக்கு முக்கியம். சில வசனங்களை நான் இசைக்காரன் என்பதாலும், தேவைப்பட்டது என்பதாலும் எடுத்துக்கொண்டேன், என் மதிப்புக்குரிய கவிகளிடமிருந்து ஒரு 'இதுமுதல்' என்பதைக்கூட என்னால் அடித்துவிட முடியாது என்கிறார். கடைசிப் பகுதியில் வரும் வெளிப்படுத்தின விசேஷ வசனத்தை அவர் சொல்கிறார். "கர்த்தருக்குள் மரிக்கிறவர்கள் இதுமுதல் பாக்கியவான்கள்." மறுமையைப் பற்றி உறுதியில்லாத ஒருவர், அந்த வசனத்தில் காலத்தைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்லைக்கூட அசைக்கத் துணியவில்லை. ஒரு முழு உபதேசத்தை விட்டுவிடத் தைரியம் இருக்கிறது, எடுத்துக்கொண்ட வசனத்தில் ஒரு சொல்லைத் தொடத் தைரியம் இல்லை. இதைப் பயம் என்பதா, பக்தி என்பதா? நம் வீடுகளில் சாமி கும்பிடாத மாமாக்கள் விளக்கேற்றிய இடத்தில் செருப்போடு நுழையமாட்டார்களே, அந்தக் குணம்.

1868 ஏப்ரல் 10, பெரிய வெள்ளி. பிரேமன் பேராலயத்தில் அரங்கேற்றம். தகப்பனார் வந்திருந்தார், ஷூமனின் மனைவி கிளாரா ஷூமன் வந்திருந்தார். ஐந்தாம் பகுதி அப்போது எழுதப்படவில்லை. பிராம்ஸ் விட்ட இடத்தைப் பேராலயம் தன் வழியில் நிரப்பிக்கொண்டது: நிகழ்ச்சியின் நடுவே ஹாண்டலின் 'மேசியா'விலிருந்து 'என் மீட்பர் உயிரோடிருக்கிறார்' என்ற பாடலைப் பாடகி அமாலி யோவாகிம் பாடினார். பெரிய வெள்ளியன்று அந்தச் சொல் இல்லாமல் மக்களை அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. ரைன்டாலர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தன் சபையைத் தெரிந்த மனிதர் அவர். பிராம்ஸும் அந்த ஏற்பாட்டோடு கோலெடுத்து நடத்தினார். அடுத்த மாதம் தாயைப் பற்றிய ஐந்தாம் பகுதி எழுதப்பட்டது.

பக்திமானான செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக் பிராம்ஸோடு மதம் பற்றிப் பேசிவிட்டு வந்து, இப்படிப்பட்ட மனிதர், இப்படிப்பட்ட ஆத்மா, ஆனால் எதையும் நம்புவதில்லையே என்று ஆற்றாமையோடு சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. ஏமாற்றமும் அன்பும் கலந்த அந்தக் குரலை எங்கள் வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்திராத மகனைப் பற்றி அம்மாக்கள் பேசும் குரல்.

பிரான்சில் கேப்ரியல் ஃபோரே வேறு வரிகளை விட்டார். பாரிஸின் மதலேன் ஆலயத்தில் அவர் இசைப் பொறுப்பாளர். எத்தனையோ சாவுகளுக்கு வாசித்து அலுத்தவர். 1885இல் தகப்பனும் 1887இன் கடைசி நாளில் தாயும் இறந்தார்கள். 1888 ஜனவரி 16 அன்று அவருடைய ரெக்வியம் அதே ஆலயத்தில் ஓர் அடக்க வழிபாட்டில் ஒலித்தது. ரெக்வியம் என்றாலே கேட்பவர் காத்திருப்பது 'தியேஸ் ஈரே'. கோபத்தின் நாள், அந்த நாளில் உலகம் சாம்பலாகும் என்று இடிமுழக்கமாகத் தொடங்கும் நீண்ட பாடல். ஃபோரே அதை விட்டுவிட்டார். 'இரக்கமுள்ள இயேசுவே, இவர்களுக்கு இளைப்பாறுதல் தாரும்' என்ற கடைசி அடியை மட்டும் எடுத்து ஒற்றைக் குரலுக்கு எழுதினார். சாவை ஒரு விடுதலையாகவே பார்க்கிறேன் என்று பிற்பாடு ஒரு பேட்டியில் சொன்னார்.

இன்னொரு சிறிய விடுபடல் பலர் கண்ணில் படாதது. காணிக்கைப் பாடலில் 'விசுவாசிகளாய் மரித்த எல்லாருடைய ஆத்துமாக்களையும் விடுவியும்' என்று வர வேண்டும். ஃபோரே 'விசுவாசிகளாய்' என்பதை எடுத்துவிட்டார். மரித்தவர்களின் ஆத்துமாக்களை விடுவியும், அவ்வளவுதான். ஏன் என்று விளக்கம் எழுதிவைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்தப் பக்கம் இடம் என்று சபைகள் வழக்காடியதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்த ஒரு சொல் இல்லாமல் போனது பெரிய விஷயம். தியேஸ் ஈரேயைப் பொறுத்தவரை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த 1970ஆம் ஆண்டுத் திருப்பலி நூலில் திருச்சபையே அதை அடக்கத் திருப்பலியிலிருந்து எடுத்துவிட்டது.

விட்டவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். ஒன்றையும் விடாமல் பாடியவர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ரெக்வியம் 1874 மே 22 அன்று மிலானின் சான் மார்கோ ஆலயத்தில் அரங்கேறியது. வெர்டியும் பெரிய விசுவாசி அல்ல, மனைவியே அப்படி எழுதியிருக்கிறார். ஆனால் அவர் தியேஸ் ஈரேயை விடவில்லை, அதை வைத்துத்தான் மொத்தக் கட்டடத்தையும் எழுப்பினார். எழுபது ஆண்டு கழித்து, நாஜிகளின் டெரேசின் வதைமுகாமில் ரஃபாயேல் ஷெஹ்டர் என்ற யூத இசைக்காரர் அதைக் கையில் எடுத்தார். ஒரே ஒரு நோட்டுப் பிரதி. ஆர்கெஸ்ட்ரா இல்லை, பியானோ மட்டும். பகல் முழுவதும் கட்டாய வேலை செய்துவிட்டு வந்தவர்கள் நிலவறையில் கூடி, கேட்டுக்கேட்டே லத்தீனை மனப்பாடம் செய்தார்கள். ஏறக்குறைய 150 பேர். அவர்களில் பலரை ஆஷ்விட்ஸுக்கு ஏற்றிவிட்டார்கள். மறுபடி ஆள் சேர்த்தார், மறுபடி ஏற்றினார்கள், மறுபடி சேர்த்தார். 16 முறை அது அங்கே பாடப்பட்டது. 1944 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கத்தின் குழு முகாமைப் பார்வையிட வந்தபோது பாடியதுதான் கடைசி. ஷெஹ்டரும் அந்த ஆண்டே ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார், திரும்பவில்லை.

யூதர்கள் ஏன் கத்தோலிக்க இரங்கல் பலியைப் பாட வேண்டும் என்று முகாமிலிருந்த யூதப் பெரியவர்களே எதிர்த்தார்கள். நியாயமான கேள்வி. நம்பிக்கையின்படி பார்த்தால், அந்த வாசகத்தில் அவர்கள் விட்டிருக்க வேண்டிய வரிகள்தான் அதிகம். அவர்கள் எதையும் விடவில்லை. 'நியாயாதிபதி அமரும்போது மறைந்திருப்பதெல்லாம் வெளிப்படும், பழிவாங்கப்படாமல் எதுவும் மீதமிராது' என்ற வரியைக் காவலர்களின் முகத்துக்கு நேரே பாடினார்கள். கடைசியில் 'லிபெரா மே', என்னை விடுவித்தருளும். அந்த வரிக்கு அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு உரிமையோடு யாரும் வாய் திறந்திருப்பார்களா என்று தெரியவில்லை. அது யாருடைய மதத்தின் வரி என்று அந்த நிலவறையில் பிரித்துச் சொல்ல முடியுமா?

ஆங்கிலேய இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் 1906இல் வெளிவந்த ஆங்கிலிக்கன் பாடல் நூலுக்கு இசைப் பதிப்பாசிரியர். நாத்திகர் நல்ல மாஸ் எழுத முடியாது என்பதற்கு ஒரு காரணமும் இல்லை என்று சொன்னதாக அவர் பெயரில் ஒரு வாக்கு வழங்குகிறது. எழுதியும் காட்டினார். எழுதுபவரைப் பற்றிய கேள்வி இதோடு முடிந்துவிடும். பாடுபவரைப் பற்றிய கேள்விதான் எனக்கு இன்னும் முடியவில்லை.

கிரேடோ என்பது ஒருமை. நீசேயாவில் கூடியவர்கள் கிரேக்கத்தில் 'விசுவாசிக்கிறோம்' என்றுதான் எழுதினார்கள். வழிபாட்டில் புழங்கத் தொடங்கியபோது அது 'விசுவாசிக்கிறேன்' ஆயிற்று. ஆங்கிலம் பேசும் கத்தோலிக்கர் 1970களில் அதைப் பன்மைக்கு மாற்றி, 2011இல் மறுபடி ஒருமைக்கே திரும்பினார்கள். நம் சி.எஸ்.ஐ. ஆராதனையில் சொல்லும் அப்போஸ்தலர் பிரமாணமும் 'உண்டென்று விசுவாசிக்கிறேன்' என்றே முடிகிறது. தமிழில் இது இன்னும் நுட்பமாகிவிடுகிறது. பன்மையாக்க வேண்டுமென்றால் 'நாம்' என்பதா, 'நாங்கள்' என்பதா? 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் 'எங்கள் பிதாவே' என்பது சரி, கேட்பவர் பிதா. பிரமாணத்தை யாரைப் பார்த்துச் சொல்கிறோம்? பக்கத்தில் நிற்கும் நம்பாதவரைப் பார்த்தா, அவரையும் சேர்த்துக்கொண்டா? கொயரில் நிற்கும்போது இந்தக் கேள்வி கொஞ்சம் இளகிவிடுகிறது. நாற்பது வாய்கள் ஒரே சமயத்தில் 'நான்' என்கின்றன. அதில் எந்த 'நான்' முழுதாக நம்புகிறது, எது பாதி என்று வெளியிலிருந்து கேட்பவருக்குத் தெரியாது. பல நாட்கள் எனக்கே தெரிவதில்லை.

எங்கள் பாஸ் வரிசையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நிற்பார். திருநெல்வேலிப் பக்கம். எல்லாருக்கும் அவர் 'சார்'தான். டோ-ரே-மி எழுத்துகளால் சுரம் குறிக்கும் சோல்ஃபாவில் பழகியவர், எந்தப் பாமாலையானாலும் பாஸ் பார்ட் புத்தகம் பார்க்காமல் வரும். ஞாயிறு ஆராதனையில் பிரமாணம் சொல்லும்போது அவர் ஒரே இடத்தில் வாயை மூடிக்கொள்வார் என்பதை நான் கவனிக்கச் சில வருடங்கள் ஆயின. "பாவமன்னிப்பும்" வரை குரல் கேட்கும். "சரீரம் உயிர்த்தெழுதலும்" கேட்காது. "நித்திய ஜீவனும்" என்று மறுபடி வந்து சேர்ந்துகொள்வார். அவருடைய தம்பி கடலில் போனவர், உடல் கரைக்கு வரவே இல்லை என்று வேறொருவர் மூலம் தெரிந்தது. நிகழ்ச்சிக்கான பிராக்டிஸ் முடிந்த ஒரு நாள் பஸ்ஸுக்கு நிற்கையில், ஷூபர்ட் விட்ட வரியைப் பற்றிப் பேசிக்கொண்டே, தயங்கித் தயங்கி அவருடைய வரியைப் பற்றியும் கேட்டுவிட்டேன். கோபப்படுவாரோ என்று பயம். அவர் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "நான் சொல்லாட்டா என்னடே? நீங்கள்லாம் சொல்லுதீங்கள்லா. அந்த வரி எங்கயும் போயிராது."

கொயரில் பாடியவர்களுக்கு இது உடனே புரியும். பத்துப் பன்னிரண்டு தாளக்கட்டுகளுக்கு ஒரே சுரத்தை இழுத்துப் பிடிக்க வேண்டிய இடம் வரும். எந்த மனிதருக்கும் அவ்வளவு மூச்சு கிடையாது. அப்போது செய்யும் ஏற்பாடு எளியது: பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும் இடத்தில் நீ வாங்காதே. அவர் விடும்போது நீ பிடி, நீ விடும்போது அவர் பிடிப்பார். மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பும்போது சத்தமில்லாமல் உள்ளே நுழைய வேண்டும். கேட்பவர் காதில் ஒலி அறுபடுவதே இல்லை. பாடியவர்களில் ஒருவர்கூட அதை முழுதாகப் பாடவில்லை.

நிகழ்ச்சியில் ஷூபர்ட்டை ஷூபர்ட் எழுதியபடியே பாடினோம். விட்ட வரியை எங்காவது செருகிவிடலாமா என்று ஒரு பேச்சு எழுந்தது. கொயர் மாஸ்டர் வேண்டாம் என்றார். டெனர் பையனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

முடிந்ததும் நோட்டுகளைத் திரும்ப வாங்கி அடுக்கும் வேலை எனக்கு. சாருடைய பிரதியைப் பெயர் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம், எல்லாப் பக்கங்களிலும் பென்சில். கிரேடோவின் கடைசிப் பக்கத்தில், வரி விட்டுப்போன இடத்துக்கு நேரே ஓரத்தில், அவருடைய சாய்ந்த கையெழுத்தில் தமிழில் எழுதியிருந்தது: பொதுவாயிருக்கிற பரிசுத்த சபையும். அதன் மேல் ஒரு மூச்சுக்குறி போட்டிருந்தார்.